வெடிப்பில்லாத கைகள்

மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க உடம்பு எப்படி இருக்கு? முழங்கால் தொல்லை குறைஞ்சிருக்கா? எனக்கு ஒண்ணும் இல்லை, சுகம்தான். மாசக் கடைசியில வந்து பார்க்கறேன்னு சொல்லியிருந்தேன். பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. ஊர் எல்லையில குறுக்கே கயிறு கட்டி, ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார். உங்க இல்லத்துக்குப் போன் போட்டேன். வெளியாட்கள் யாரையும் உள்ளே விடறதில்லைன்னு மேனேஜர் சொன்னார். வயசானவங்க இருக்கிற இடத்தை முதல்ல பூட்டறதுதான் சரி. அதனால நானும் சண்டை போடலை.

போன்ல நான் கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது. பாய்லர் சத்தம் உங்க காதைத் தின்னு முடிச்சதுக்கு இப்ப நான் தபால்காரரைக் கெஞ்சிக்கிட்டிருக்கேன். தபால் மட்டும் ஓடுதாம்.

கிளினிக்கில கூட்டமே இல்லை. பருவுக்கு, முடிக்கு, தேமலுக்குன்னு வரிசையில நின்னவங்க எல்லாரும் எங்கே போனாங்கன்னே தெரியலை. கல்யாணத்துக்குள்ள முகம் வெளுக்கணும்னு என்னை உயிரெடுத்த பொண்ணு, முகத்தில பாதியைத் துணியால மூடிக்கிட்டு, "இனிமே எதுக்கு டாக்டர்?"னு கேட்டுட்டுப் போயிட்டா. இப்ப வர்றதெல்லாம் கைதான். கை, கை, கை. சோப்பு போட்டுப் போட்டு, அந்தச் சாராய வாடை மருந்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு, முட்டியெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியற கை. பேங்க்காரர் கை, மளிகைக் கடைக்காரர் கை, துப்புரவு வேலை பார்க்கிறவங்க கை. என் கையும் அதே கதைதான். பேனா பிடிச்சா எரியுது.

நீங்க கை கழுவினதும் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கோங்க. உடனே பதில் போடுங்க.

உங்க உடம்பை நினைச்சபடியே,
மகள்

ஏப்ரல் 11

டாக்டரம்மாவுக்கு அப்பா எழுதறது.

உயிரும் உடம்புமா இருக்கேன். நீயும் அப்படியே இருக்கணும். முழங்கால் அதோட வேலையைப் பார்க்குது, நான் என் வேலையைப் பார்க்கறேன்.

உன் கடிதம் பிரிச்சபடிதான் என் கைக்கு வந்துச்சு. கிருமி மருந்து அடிச்சுக் கொடுத்தாங்க. நாங்க எழுதறதையும் ஒட்டாமத்தான் ஆபீஸ்ல கொடுக்கணும். மருந்து அடிச்சு அவங்களே ஒட்டி அனுப்பறாங்க. ரொம்ப வசதி. எழுத்துப்பிழை இருந்தா மேனேஜர் சார் பார்த்துச் சொல்லிடுவார். அதனால இதில நல்ல விஷயமாவே எழுதறேன்.

என் அறையில ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் இருக்கார்னு முன்னாடியே எழுதினேன் இல்லே, படுத்த படுக்கையா இருக்கிறவர். எல்லாரும் அவரை ரேடியோன்னுதான் கூப்பிடறோம். காலையில கண்ணைத் திறந்தா வாயையும் திறந்திடுவார், ராத்திரி வரைக்கும் மூடமாட்டார். மத்தவங்க எல்லாரும் அறை மாத்திக்கொடுங்கன்னு ஓடினாங்க. எனக்குத்தான் கேட்காதே. எங்களை மாதிரிப் பொருத்தமான ஜோடி இந்தக் கட்டடத்திலேயே இல்லை.

என் கையைப் பத்திக் கவலைப்படாதே. முப்பது வருஷம் பாய்லரோட மல்லுக்கட்டிக் காய்ச்சுப்போன கை, இப்பதான் மெத்துனு இருக்கு. வெடிப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை. உன் கைக்கு நீயே வைத்தியம் பாரு.

சாப்பாடு வேளைக்கு வருது. குறை ஒண்ணும் இல்லை.

நீ பத்திரம்.
அப்பா

ஏப்ரல் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதம் வந்து சேர்ந்துச்சு. வாய்விட்டுச் சிரிச்சேன், ரேடியோ சார்கிட்டச் சொல்லுங்க. இங்கே நானும் அட்டெண்டர் அக்காவும் மட்டும்தான் கிளினிக்கைத் திறந்து வச்சிருக்கோம். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.

சீக்கு மாறிக்கிட்டே வருது அப்பா. கை வெடிப்பு குறையலை, அதோட இப்ப சொறி சேர்ந்திருக்கு. ஒரு அறையில ஏழெட்டுப் பேர் அடைஞ்சு கிடக்கிறாங்க, ஒரே போர்வை, ஒரே துண்டு. ஒருத்தர் விரலிடுக்கில ஆரம்பிச்சு வீடு முழுக்கச் சொறியறாங்க. காய்ச்சல் வார்டில வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் வந்தா. முகமூடி அழுத்தி மூக்குத் தண்டில புண்ணு. கண்ணாடி பார்த்தே ஒரு வாரம் ஆச்சுன்னு சொன்னா. இன்னொருத்தர் தரை துடைக்கிற மருந்தை வாளியில கலந்து குளிச்சிருக்கார். முதுகு பூரா வெந்துபோச்சு. "கிருமி செத்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க"ன்னு என்கிட்டயே கேட்கிறார்.

ஆனா வர்றவங்களைப் பார்த்து நான் பயப்படலை. வராதவங்களை நினைச்சாதான் பயம். முழங்கையில உணர்ச்சியில்லாத ஒரு வெள்ளைத் திட்டோட ஒரு பெயிண்டர் வந்துக்கிட்டிருந்தார். மாசாமாசம் மாத்திரை வாங்கணும். ரெண்டு மாசமா ஆளைக் காணோம். உள்ளங்காலில கறுப்பு மச்சம் பெரிசாகுதுன்னு ஒரு டீச்சர் வந்தாங்க, வெட்டிப் பார்க்கணும்னு சொல்லியிருந்தேன். அவங்களும் வரலை. வரலைன்னா சீக்கு போயிடுச்சுன்னு அர்த்தமா? அது பாட்டுக்கு வீட்டில உட்கார்ந்து வளர்ந்துக்கிட்டிருக்கு.

அங்கே யாருக்காவது அரிப்பு இருக்கா? ரேடியோ சாரைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கிறாங்களா? தோலைப் பத்தி என்ன தோணினாலும் எழுதுங்க. சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மகள்

மே 19

டாக்டரம்மாவுக்கு,

நான் இருக்கேன். நீ எப்படி இருக்கே? பதில் எழுதத் தாமதமாயிடுச்சு. எழுதறதுக்குத் தாள் கிடைக்கலை.

தோலைப் பத்தி எழுதச் சொன்னே. டாக்டர் மகளுக்குத் தோல் விஷயம் எழுதறேன்னு மேனேஜர் சார்கிட்டச் சொன்னேன், தாராளமா எழுதுங்கன்னுட்டார். அதனால விவரமாவே எழுதறேன்.

அரிப்பு எல்லாருக்கும் இருக்கு. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு. வியர்க்குருன்னு மேனேஜர் சார் சொல்றார். இருக்கலாம், புழுக்கம் ஜாஸ்திதான். எனக்குக் கொஞ்சம்தான். ரேடியோவுக்கு அரிப்பே இல்லைங்கறார், ஆனா உள்ளங்கை பூரா சாம்பல் நிறத்தில தடிமனா ஏதோ படிஞ்சிருக்கு. பழைய பாய்லரைத் திறந்தா உள்ளே சுண்ணாம்பு கெட்டியாப் படிஞ்சிருக்கும் பாரு, அச்சு அசல் அதேதான். நகத்தால தட்டினா உதிருது. படுக்கை முழுக்க அந்தத் தூள்தான். நான்தான் தட்டிவிடறேன்.

அவர் இடுப்பெலும்பு மேல ஒரு இடம் சிவந்து, இப்ப நடுவில கறுப்பா ஆயிருக்கு. என் உள்ளங்கை அகலம். நானும் முடிஞ்ச மட்டும் திருப்பிப் போடறேன், என் முழங்காலை வச்சுக்கிட்டு ஒரு கண்டக்டரைத் திருப்பறது லேசான காரியமா?

நர்ஸம்மா நல்ல பொண்ணு. அவ கொடுத்தாத்தான் டம்ளர் தண்ணி. அவ கையும் என் கை மாதிரியே வழவழன்னு இருக்கு. உன் கிளினிக்கில வர்ற மாதிரி வெடிப்பு இங்கே ஒருத்தர் கையிலயும் இல்லை. இதை நல்லாப் படிச்சுக்கோ.

எங்க வராந்தாவில கடைசி அறைகள் காலியாயிருக்கு. இப்ப காத்து நல்லா வருது.

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ வரணும்னு நினைக்காதே. வேலையைப் பாரு.
அப்பா

மே 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்கு மூச்சுத் திணறல் தேவலையா? பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே இருக்காங்களா? நான் நல்லா இருக்கேன். போன்ல சொன்னா நீ "சரி சரி"ன்னு சொல்லி வச்சுடுவே. அதனால எழுதறேன். அப்பா கடிதத்தையும் இதோட வச்சிருக்கேன். ரெண்டு தடவை படி.

நீ சாதாரணமாப் படிச்சா இதில ஒண்ணும் இருக்காது. அவர் கடிதத்தை ஆபீஸ்ல படிக்கிறாங்க, அதனால நேரா எழுத முடியலை. தோலை மட்டும் எழுதியிருக்கார்.

ரேடியோங்கறவர் கையில படிஞ்சிருக்கிறது வியர்க்குரு இல்லை. அதுவும் சொறிதான், ஆனா உடம்பில எதிர்ப்பே இல்லாத ஆளுக்கு வர்ற வகை. சாதாரணச் சொறின்னா உடம்பில பத்துப் பதினைஞ்சு பூச்சி இருக்கும். இதில கணக்கே கிடையாது. அந்த உதிர்ற தூள் ஒவ்வொண்ணும் பூச்சிக் கூடு. அப்பா அதைத் தன் கையால தட்டிவிடறார். இடுப்பில கறுத்தது படுக்கைப்புண். திருப்பிப் போட ஆள் இல்லாததாலதான், காது கேட்காத எழுபத்தாறு வயசு மனுஷன் திருப்பறார்.

அதையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாதது அந்தக் கைதான். ரெண்டு மாசமா நான் பார்த்த அத்தனை கையும் வெடிச்ச கை. பணக்காரன் கை, கூலிக்காரன் கை, ஒண்ணு பாக்கியில்லை. உன் கையையே பாரு. அப்படி இருக்கும்போது, நோயாளிகளைப் பார்த்துக்கிற ஒரு நர்ஸ் கை எப்படி வழவழன்னு இருக்கும்? அங்கே யாரும் கை கழுவறதில்லை அண்ணா. சோப்பு இல்லை, இல்லேன்னா தண்ணியே இல்லை. "இதை நல்லாப் படிச்சுக்கோ"ன்னு அடிக்கோடு போடாத குறையா எழுதியிருக்கார்.

காலியான அறைகள்ல இருந்தவங்க எங்கே போனாங்க? வெளியே போக வழியில்லாத காலத்தில?

நான் வர்றதுக்கு அனுமதிச் சீட்டு கேட்டு மூணு தடவை எழுதியாச்சு, கிடைக்கலை. நீ அரை மணி நேரத் தூரத்தில இருக்கே. போ. அவர் கையைப் பார்க்கணும்னு கேளு.

தங்கை

ஜூன் 2

தங்கச்சிக்கு அண்ணன் எழுதறது.

இங்கே எல்லாரும் ஒரு மாதிரி ஓட்டிக்கிட்டிருக்கோம். அண்ணிக்கு மூச்சு இழுக்கிறது கூடவும் குறையவுமா இருக்கு. அதனால நான் வெளியே போயிட்டு வந்தாலே வீட்டில யுத்தம்தான்.

நீ சொன்னேன்னு போனேன். கட்டடத்துக்குள்ள விடலை. முன்பக்கத்துக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவைக் கூட்டிவந்து நாற்காலியில உட்கார வச்சாங்க. என்னைப் பார்த்ததும் சிரிச்சார், தலையை ஆட்டினார். சட்டை மாத்தியிருந்தார், தலை வாரியிருந்தார். கொஞ்சம் இளைச்சிருக்கார், அவ்வளவுதான். கையைக் காட்டச் சொல்லி நானும் சைகை பண்ணினேன். மடியில துண்டு இருந்துச்சு, கையைத் துண்டுக்குள்ளயே வச்சிருந்தார், எடுக்கலை. நான் சொன்னது புரியலை போல.

மேனேஜர் மரியாதையாத்தான் பேசினார். காலி அறைக்காரங்களை அவங்கவங்க சொந்தக்காரங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம்.

நீ பகல் பூரா வியாதியையே பார்த்துப் பார்த்து எல்லாத்திலயும் வியாதியைப் பார்க்கறே. கொஞ்சம் தூங்கு.

அண்ணன்

ஜூன் 6

அண்ணா,

அண்ணிக்கு என் விசாரிப்பு.

கண்ணாடி வழியா முகம் தெரியும், தோல் தெரியாது. அவருக்குப் புரியலைன்னு எழுதியிருக்கே. கையைக் காட்டுங்கிற சைகை எந்தச் செவிடருக்குப் புரியாது? காது போனதிலேருந்து அவர் சைகையிலதான் பிழைக்கிறார். புரிஞ்சுதான் துண்டுக்குள்ள வச்சிருக்கார். உன்னை உள்ளே வரவிடக் கூடாதுன்னு நினைச்சிருக்கார்.

இங்கே புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. பொம்பளைங்க பாலிதீன் பையில முடியைச் சுருட்டிக்கிட்டு வர்றாங்க, சீப்பு வச்சா கொத்துக் கொத்தா வருதுன்னு. ஒவ்வொருத்தரையும் கேட்கறேன், மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சான்னு. எல்லாரும் ஒரு நிமிஷம் அட்டெண்டர் அக்காவைப் பார்க்கிறாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வந்துச்சு, யார்கிட்டயும் சொல்லலை"ங்கறாங்க. வாய் மறைக்கிறதை உடம்பு மூணு மாசம் கழிச்சாவது சொல்லிடுது. அப்பா விஷயத்தில அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

உங்க பக்கத்துச் சுகாதார அதிகாரிக்கு டாக்டர்ங்கற முறையில எழுதியிருக்கேன், தொத்துச் சொறி பரவுதுன்னு. காய்ச்சல்னு எழுதியிருந்தா ஆயிரத்தில ஒண்ணா அடுக்கி வச்சிருப்பாங்க. சொறின்னதும் ஆச்சரியமாப் போன் பண்ணிக் கேட்டார். வர்றேன்னு சொல்லியிருக்கார். நீ அவர்கூடப் போகணும். உள்ளே போகணும். உன்னைக் கெஞ்சிக் கேட்கறேன்.

தங்கை

ஜூன் 9

மகளுக்கு,

நல்லா இருக்கேன். நீயும் நல்லா இரு.

ரேடியோவை வேற அறைக்கு மாத்திட்டதா சொன்னாங்க. கட்டிலை மட்டும் இங்கேயே விட்டுட்டாங்க.

நர்ஸம்மாவுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. அப்பவும் வந்து வந்து பார்க்கிறா. நான் அவளைத் திட்டி அனுப்பறேன்.

எனக்கு இருமல் கொஞ்சம். தூசியா இருக்கும்.
அப்பா

ஜூன் 21

தங்கச்சி,

அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. போன்ல அழுதுக்கிட்டே ஏதேதோ சொன்னேன், உனக்குப் பாதி புரிஞ்சிருக்காது. அண்ணி என்னை மாடி அறையில தனியா வச்சிருக்கா. சாப்பாட்டைப் படியில வச்சுட்டுப் போயிடறா. எழுத நேரம் கிடைச்சிருக்கு.

அதிகாரி கேட்டைத் திறக்கச் சொன்னதும் மேனேஜர் சாவியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். அந்த ஆளும் வேஷ்டியோ சட்டையோ மாத்திப் பல நாளாயிருக்கும். முதல் சாவு விழுந்த அன்னிக்கே வேலைக்காரங்க எல்லாரும் ஓடிட்டாங்களாம். இல்லத்தோட முதலாளி போன்ல, "வெளியே தெரிஞ்சா இழுத்து மூடிடுவாங்க, எப்படியாவது சமாளி"ன்னு சொல்லிட்டு அப்புறம் போனையே எடுக்கலையாம். மேனேஜரும் அந்த நர்ஸம்மாவும் மட்டும் மிச்சம். தண்ணி மோட்டார் ஏப்ரல்லயே நின்னுபோச்சு. அப்பா அதை ரெண்டு தடவை பிரிச்சு ஓட வச்சிருக்கார். மூணாவது தடவை உள்ளே ஒரு பாகம் உடைஞ்சுபோச்சு, வாங்கக் கடை இல்லை. அதுக்கப்புறம் குடிக்க மட்டும் தண்ணி. நீ எழுதினது அப்படியே சரி. கை கழுவ அங்கே ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

காலி அறைக்காரங்களை எந்தச் சொந்தக்காரங்களும் கூட்டிக்கிட்டுப் போகலை. அவங்களை எங்கே கொண்டுபோனாங்கன்னு அதிகாரி விசாரிச்சு எழுதிக்கிட்டிருக்கார். நான் அந்தப் பக்கம் போகலை. நர்ஸம்மா சமையல்கட்டில பாயில கிடந்தா. உயிர் இருந்துச்சு, அவளையும் ஏத்தினாங்க.

அப்பா அறைக்குள்ள போனேன். அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ எதுக்கு வந்தே? வீட்டில ஆஸ்துமாக்காரி இருக்காளே!"ன்னு கத்தினார். அதுதான் முதல் வார்த்தை. நான் தூக்கினேன். சின்ன வயசில அவர் என்னைத் தூக்கின கனம்கூட இப்ப அவர்கிட்ட இல்லை. சட்டை நெஞ்சோட ஒட்டியிருந்துச்சு, சொறிஞ்சு சொறிஞ்சு.

நான் போனப்ப அந்தக் கண்ணாடிக் கதவை உடைச்சிருக்கணும். அன்னிக்கு நான் சட்டையைப் பார்த்தேன், தலை வாரியிருக்கிறதைப் பார்த்தேன், திரும்பி வந்துட்டேன்.

எனக்கு லேசா இருமல். பயப்படாதே.

அண்ணன்

ஜூலை 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா போயிட்டார்னு போன்ல சொன்னேன். அது வெறும் சேதி. மிச்சத்தை எழுதினாத்தான் எனக்கு மூச்சு விட முடியும்.

தோல் டாக்டர், கண் டாக்டர், எல்லாரையும் காய்ச்சல் வார்டுக்குப் போடறாங்கன்னு தெரிஞ்சதும் அப்பா இருந்த ஆஸ்பத்திரியையே கேட்டு வாங்கினேன். அதனாலதான் எல்லையைத் தாண்ட முடிஞ்சுது. உச்சந்தலையிலேருந்து பாதம் வரைக்கும் பிளாஸ்டிக் உடுப்பு, மூக்கு வாய் மூடி, அதுக்கு மேல கண்ணாடி. என் கட்டில் வரிசை எதுன்னு கேட்டுக்கிட்டு உள்ளே போனேன். அப்பா ஜன்னலோரமா இருந்தார். ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு கையால தூக்கிக்கிட்டுப் பேசறார். அருகில போய் நின்னேன். என்னை அவருக்குத் தெரியலை.

"டாக்டர், எனக்குக் காது கேட்காது. எழுதிக் காட்டணும்"னார். நான் தலையாட்டினேன். வேற என்ன பண்ணறது? கத்தினாலும் கேட்காது, வாயசைவும் தெரியாது. ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழட்டிடலாமான்னு தோணுச்சு. வார்டு சிஸ்டர் என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சார். நடுநடுவில முகமூடியை வச்சு மூச்சு வாங்கிக்கிட்டு. "என் மகளும் டாக்டர்தான். தோல் டாக்டர். நல்ல கெட்டிக்காரி. அங்கே நடந்ததை அவளுக்குப் பச்சையா எழுதியிருக்கலாம். ஒரு கடிதம் நர்ஸம்மா கையில கொடுத்தா வெளியே போய்ப் போட்டிருப்பா. எழுதலை. எழுதினா நடந்தாவது வந்திடுவா. வந்தா அவளுக்கும் இது ஒட்டிக்கும். எழுதாம இருந்தா ரேடியோவுக்கு யாரும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில மாட்டிக்கிட்டேன் டாக்டர். தோலைப் பத்தி மட்டும் எழுதினேன். அவ புரிஞ்சுக்கிட்டா சரி, புரியலைன்னா அவ பொழைச்சுக்கட்டும்னு."

உடுப்புக்குள்ள வேர்வை கொட்டுது, கண்ணாடியில ஆவி படியுது.

அப்புறம் குரலை இறக்கி, "அவகிட்டச் சொல்லமாட்டேன்னா ஒண்ணு கேட்கறேன். நான் பிழைப்பேனா?"ன்னார்.

கேஸ் அட்டையில கிளிப் போட்டிருந்த தாளை எடுத்தேன். டாக்டரா இருந்து எத்தனை பேருக்கு எத்தனை விதமாப் பூசி மெழுகியிருக்கேன். "தெரியலை அப்பா"ன்னு எழுதி நீட்டினேன்.

பள்ளிக்கூடத்தில புது 'லை' வந்த பிறகும், அவர் எழுதறதைப் பார்த்து நான் யானைத் தும்பிக்கை வளைச்ச பழைய 'லை'யைத்தான் எழுதுவேன், உனக்குத் தெரியும். நீ எப்பவோ மாறிட்டே. அவர் தாளைக் கண்கிட்ட கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த 'லை' மேல விரலை வச்சார். அப்புறம் என் கண்ணைப் பார்த்தார். அடுத்த நொடி ரெண்டு கையையும் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டார்.

நான் போர்வையை விலக்கினேன். அவர் விடலை, இழுத்துப் பிடிச்சார். எனக்கு அவரைவிட பலம் இருந்துச்சு. கை, நெஞ்சு, தொடை, ஒரு இடம் பாக்கியில்லை. அந்த வார்டில மூச்சைத்தான் பார்க்கிறாங்க, தோலைப் பார்க்க யாருக்கு நேரம்? மருந்து வாங்கிட்டு வந்து கழுத்திலேருந்து உள்ளங்கால் வரைக்கும் நானே தடவினேன். கையுறை போட்ட கையாலதான். அவர் கண்ணை மூடிக்கிட்டு இருந்தார். முடிச்சுட்டு நிமிர்ந்தப்பத்தான், வார்டு மூலையைக் காட்டி, "அந்தக் கடைசிக் கட்டில்ல ஒரு அம்மா இருக்காங்க. நேத்திலேருந்து சொறிஞ்சுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தரும் பார்க்கலை. போய்ப் பாரு"ன்னார்.

போனேன். அந்த அம்மாவுக்கும் அதேதான். அவங்களுக்கு அடுத்த கட்டிலுக்கும். அதுக்கு அடுத்த கட்டிலுக்கும். இல்லத்திலேருந்து வந்தவங்க பக்கத்தில படுத்தவங்க எல்லாருக்கும். நான் ஒவ்வொருத்தரா விரலை விரிச்சுப் பார்த்துக்கிட்டே வந்தேன். தூரத்திலேருந்து அவர் பார்த்துக்கிட்டிருந்தார். ஒரு தடவை கையைத் தூக்கி, அடுத்தது, அடுத்ததுன்னு சைகை காட்டினார். ஃபிட்டரா இருந்தப்ப உதவியாளை விரட்டற மாதிரி.

அதுக்கப்புறம் ஒரு வாரம் இருந்தார். பேச்சு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம், வார்டில சாப்பாட்டுத் தட்டு கொடுத்துக்கிட்டிருந்த நேரத்தில, நான் பக்கத்தில இருக்கும்போதே போனார். கஷ்டப்படலைன்னு எழுத எனக்கு ஆசைதான். கஷ்டப்பட்டார். கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். நர்ஸம்மா பக்கத்து வார்டில தேறிக்கிட்டு வர்றா. அவகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். அவ திரும்பிப் படுத்துக்கிட்டா.

நான் இங்கேயேதான் இருக்கேன். இன்னும் ரெண்டு வார்டு பார்க்க வேண்டியிருக்கு. பக்கத்துக் கட்டடத்திலயும் அரிப்புன்னு இன்னிக்குக் காலையில ஆள் வந்துச்சு.

இப்ப உன் விஷயம். நேத்து போன்ல "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்"னு ரெண்டு தடவை சொன்னே. நடுவில நீ மூச்சு வாங்கினது எனக்குக் கேட்டுச்சு. மாடிப்படி ஏறினா நெஞ்சு அடைக்குதா? காய்ச்சல் எவ்வளவு? ராத்திரி உட்கார்ந்துக்கிட்டுத் தூங்கறியா? உதடு, நகம், கால்விரல், எதுவாவது நிறம் மாறியிருக்கா? கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்து ஒண்ணுவிடாம எழுது. அண்ணியை எழுதச் சொன்னாலும் சரி.

நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதாதே.

தங்கை